வளவு வீட்டில் ஒரு ராத்தங்கல்

பழைய வீட்டில் காசு கொடுத்துத் தங்கப் போகிறோம் என்று சொன்னால் கோவில்பட்டிக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இங்கே பழைய வீடு என்றால் பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடப்பது, இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸுக்கு வாடகைக்கு விட்டது. "நம்ம ஊர்ல இல்லாத இடிஞ்ச வீடாய்யா? அதுக்கு எதுக்குக் காரைக்குடி வரைக்கும் போகணும்?" என்றார் அம்மா. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் அரையாண்டு லீவில் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும். கொடைக்கானல் கூட்டத்தை நினைத்தாலே எனக்குத் தலைவலி. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு அறை பதிவு செய்தேன். அம்மாவும் வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார்.

இந்த வியாபாரம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. காரைக்குடியில் ஒரு செட்டியார் குடும்பம் தங்களுடைய பழைய விருந்தினர் மாளிகையை 1999-ல் 'தி பங்களா' என்று ஹோட்டலாகத் திறந்தது. கானாடுகாத்தானில் விசாலம் என்று ஒரு வீடு இருக்கிறது. கே.வி.ஏ.எல். இராமநாதன் செட்டியார் தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டியது. இன்று அதையும் ஹோட்டலாக நடத்துகிறார்கள். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்ற வீட்டை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இரண்டு பேர், மிஷேல் அட்மென்னும் பெர்னார் டிராகோனும், எடுத்துச் செப்பனிட்டார்கள். கடற்கரைப் பக்கம் போனால் தரங்கம்பாடியில் பழைய கலெக்டர் பங்களா, புதுச்சேரியில் தமிழ்த் தெரு, பிரெஞ்சுத் தெரு இரண்டிலும் சில வீடுகள். இவை போக, பேர் பலகைகூட இல்லாமல் சொந்தக்காரர்களே நான்கு அறையை மட்டும் ஒழித்துக் கொடுக்கிற வீடுகள் செட்டிநாட்டில் நிறைய. எங்களுக்குக் கட்டுப்படியானது இந்தக் கடைசி வகைதான். அந்த வீட்டின் பேரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதனால்.

எட்டயபுரம், பந்தல்குடி, அருப்புக்கோட்டை, மானாமதுரை, சிவகங்கை என்று போனோம். இந்த வழியில் போனால் ஒரு லாபம் உண்டு. மண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கிளம்பும்போது இரண்டு பக்கமும் மழையில் ஊறிய கரிசல். கம்பும் உளுந்தும் பருத்தியுமாக, வண்டியை விட்டு இறங்கினால் செருப்போடு இரண்டு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். அருப்புக்கோட்டை தாண்டி நிறம் மெல்ல வெளுக்கிறது. சிவகங்கை தாண்டினால் செக்கச் செவேலென்று செம்மண்ணும் செம்புறாங்கல்லும். வீடு என்றால் தேக்கையும் பளிங்கையும் பேசுவோம், மண்ணை யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டி நிறுத்த முடிந்ததற்கும், நம் பக்கம் அப்படி நிற்காமல் போனதற்கும் பர்மாப் பணம் மட்டும் காரணம் இல்லை. காலடியில் அசையாத மண் இருந்தது. நம் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வருவோம். முகப்பில் கஜலட்சுமி சுதைச் சிற்பம், ஆளுயரத் திண்ணை, அதற்கு மேல் மழமழவென்று பர்மாத் தேக்குத் தூண்கள். வாசலில் நின்று பார்த்தால் அடுத்தடுத்த கட்டுகளின் வாசற்படிகள் ஒரே நேர்கோட்டில், கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. என் மகன் அந்த நேர்கோட்டில் ஓடிப்போய்ப் பின்கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பு கணக்குவழக்குக்கும் வந்தவர் போனவருக்கும். அதற்கடுத்த திறந்த முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் வளவு. வளவைச் சுற்றி வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் ஒன்று. அதற்குப் பின்னால் சாப்பாட்டுக் கட்டு, அடுப்படிக் கட்டு, கிணறு.

அம்மா தூணையோ சிற்பத்தையோ பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "என்னய்யா, இத்தன அடுப்பு போட்டுருக்காக?" என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் விளக்கினார். நகரத்தார் வழக்கப்படி மகனுக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் 'வேறு வைத்துவிடுவார்கள்'. அரிசி பருப்பு அளந்து கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல். கோயில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி'. கூரை ஒன்று, உலை வேறு. அம்மாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்மாளுக இப்பிடி முதல்லயே பிரிச்சு விட்டுருந்தா பாதி வழக்கு கோர்ட்டுக்கே போயிருக்காது" என்றார். எங்கள் சொந்தத்தில் எந்த வழக்கு என்று இங்கே எழுதினால் பொங்கலுக்கு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள்.

அப்படிப் பிரித்து வைத்த ஏற்பாடுதான் இன்று இந்த வீடுகளுக்கு எமன். முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சி, 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது, விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது என்று வரிசையாக அடி விழுந்ததில் வட்டித்தொழில் பணம் நின்றது. வீடு நிற்கிறது, வருமானம் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கு உண்டு. பேரப்பிள்ளைகள் காலம் வரும்போது ஒரு வீட்டுக்குச் சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கா என்று சிதறிய பங்குதாரர்கள். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். விற்பது மட்டும் எப்படியோ நடந்துவிடும். தூண், நிலை, கதவு, கண்ணாடி, பித்தளை அண்டா என்று பிரித்து எடுத்து விற்றுவிட்டால் பங்கு பிரிப்பது சுலபம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். பழைய சாமான் கடைகளில் கதவு கதவாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

கரிசல்காட்டுக்காரனுக்குக் கதவு என்றால் கி.ராஜநாராயணன் ஞாபகம் வராமல் இருக்காது. தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைத் தலையாரி கழற்றிக்கொண்டு போக, அதில் ஏறி விளையாடிய பிள்ளைகள் அதைத் தேடித் தவிக்கிற கதை. அது ஒற்றைக் கதவுள்ள வீடு. முனீஸ்வரன் கோயில் தெருவில் யாரும் பறித்துக்கொண்டு வந்ததில்லை, எல்லாம் சொந்தக்காரர்களே கழற்றிக் கொடுத்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு வீட்டை ஹோட்டலாக மாற்றும்போது குறைகிற தூணையும் கதவையும் வாங்குவது இந்தக் கடைகளில்தான். அதாவது ஒரு வீடு பிழைக்க வேறொரு வீடு செத்திருக்க வேண்டும். நாங்கள் தங்கிய வீட்டிலும் வளவில் வரிசையாக அடுக்கியிருந்த பித்தளைச் செம்புகளில் மூன்று நான்கு வெவ்வேறு இனிஷியல்கள் வெட்டியிருந்தன. மகள்தான் கண்டுபிடித்தாள். "அதெல்லாம் அலங்காரத்துக்கு வாங்கினது பாப்பா" என்று அண்ணன் சிரித்தார்.

சரி, தங்குவது எப்படி இருந்தது? அறைக்குள் டிசம்பர் மத்தியானத்தில் மின்விசிறி தேவைப்படவில்லை. சுவர் அத்தனை கனம், விட்டம் அத்தனை உயரம். வெள்ளைச் சுவரைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்க வைத்து, மணல் கலந்து ஒரு பூச்சு, சலித்த சுண்ணாம்பில் இன்னொரு பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெல்லிய பூச்சு, அதைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும்கூடச் சேரும். நூறு வருடச் சுவரில் ஒரு கீறல் இல்லை.

ஆனால் எங்கள் அறைக் குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காரணம் எளிது. இந்த வீடுகளில் அறையோடு சேர்ந்த குளியலறை என்ற பழக்கமே கிடையாது. விருந்தாளிக்காக ஒரு சரக்கறையைத் தடுத்துக் குளியலறை ஆக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசிவிட்டால் உள்ளே போன ஈரத்துக்கு வழியில்லை. பக்கத்தில் எங்கே சுண்ணாம்பு இருக்கிறதோ அங்கே போய் உப்பாகக் கிளம்பும். பழைய வீட்டைச் சரிசெய்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி அதிகம், வேலை மெதுவாக நடக்கும். சிமென்ட் நாளைக்கே காய்ந்துவிடும்.

மற்ற குறைகளும் சொல்லிவிடுகிறேன். செல்போன் சிக்னல் முகப்புத் திண்ணையில் மட்டும்தான். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, வயதானவர்கள் வருவதாக இருந்தால் கீழறைதான் வேண்டும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்லிவிடுங்கள். வௌவால் உண்டு. வெந்நீர் கேட்டால் வரும், நாம் கேட்ட நேரத்துக்கு வராது. ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமைக்கிற அக்கா நாலு தெரு தள்ளி அவர் வீட்டிலிருந்து வர வேண்டும். ஆனால் அந்த அக்கா கொண்டுவந்து வைத்த வெள்ளைப் பணியாரத்துக்கும் கவுனி அரிசிக்கும் இந்தக் குறைகள் எல்லாம் தள்ளுபடி. அம்மா மட்டும், மண்டிக் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்றார். அம்மாவை விட்டால் திருப்பதி லட்டிலும் குறை கண்டுபிடிப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணனோடு முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் குடும்பத்து ஆள் இல்லை. அவருடைய அப்பாவும் இதே வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"முன்னெல்லாம் எப்பண்ணே வீடு திறப்பாங்க?"

"கல்யாணம், சாந்தி, படைப்பு. அப்ப ஒரு வாரம் ஜேஜேன்னு இருக்கும். அப்பறம் பூட்டிருவாங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா வந்து கூட்டி விடுவேன். கரையான் எங்க ஏறுதுன்னு பாப்பேன்."

"இப்ப?"

"இப்ப தெனமும் ஆள் வர்றாங்க. அடுப்பெரியுது, தண்ணி பொழங்குது. ஆள் பொழங்குற வீட்ல கரையான் அவ்வளவா ஏறாது தம்பி."

கரையான் விஷயத்தில் அவர் சொன்னது அறிவியல்படி எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியாது. ஓடு ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும், மறுநாளே ஆள் ஏறிச் சரிசெய்வார் என்பது மட்டும் புரிந்தது. பூட்டிய வீட்டில் அதே ஒழுகல் அடுத்த கல்யாணம் வரை காத்திருக்கும், அதற்குள் சட்டம் இற்றுப்போகும். காசு கொடுத்துத் தங்க வருகிறவன் வீட்டுக்குச் செய்கிற உபகாரம் வாடகை மட்டும் இல்லை. குறை சொல்வதும்தான். உப்புப் பூத்த சுவரைப் பற்றி நானும் கிளம்பும்போது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் அண்ணன் சொன்னார், கேட்காமலே. அவருடைய அப்பா காலத்தில் அவர் வளவுக்குள் போனது வேலைக்காக மட்டும்தான். உட்கார்ந்ததில்லை. இப்போது யார் பதிவு செய்தாலும் நேரே வளவில் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், பேர் மட்டும்தான் கேட்கிறோம் என்றார். பாரம்பரியம், மரபு என்று விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. திண்ணை வரை யார், தாழ்வாரம் வரை யார், பின்வாசல் வழியாக மட்டும் யார் என்று கோடு போட்டுக் கட்டிய வீடுகள் இவை. கரிசல் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய காரை வீடுகளிலும் திருணைக்கு மேலே ஏற முடியாதவர்கள், தொழுவைத் தாண்ட முடியாதவர்கள் இருந்தார்கள். கட்டியவர்கள் பேர் முகப்பில் இருக்கிறது, செங்கல் சுமந்தவர்கள் பேர் எங்கேயும் இல்லை. இந்த வீடுகள் இடிவதைப் பார்த்து என்னால் முழு மனதோடு கண்ணீர் விட முடியாததற்கு இது ஒரு காரணம். இவை வாடகை வீடாவதை நான் வரவேற்பதற்கும் இதுதான் காரணம். அந்தக் கோட்டை அழிப்பதற்கு எத்தனையோ பேர் எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். கடைசி இழையைக் கடன் அட்டை அழித்துக்கொண்டிருக்கிறது. அந்த அட்டை இல்லாதவர்களுக்கு இன்னும் முகப்பு வரைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது நம் ஊர்.

கரிசலில் வீடு கட்டுவது மண்ணோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரைக் குடித்து மண் உப்பும். சித்திரையில் காய்ந்து, கால் உள்ளே போகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும்? வருஷாவருஷம் ஏறி இறங்கி, மூலையில் கீறல் விட்டு, ஒரு மழைக்கு உட்காரும். பழைய கொத்தனார்கள் விவரமானவர்கள். கறுப்பு மண்ணை முழுக்கத் தோண்டி எடுத்து, அடியில் சுக்கான் படிவமோ சரளையோ தட்டுப்படுகிறவரை போய், ஓடை மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி அதன்மேல் கல்லை வைப்பார்கள். இதற்கே பாதிப் பணம் போய்விடும். அதனால்தான் எங்கள் பக்கத்துக் காரை வீடுகள் குட்டையாக, அகலமாக, சன்னல் சின்னதாக இருக்கும். மேல்தளம் மட்டப்பா. சட்டங்களின் மேல் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் பரப்பி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கியது. மேலே தட்டோடு.

தேக்குத் தூண் கிடையாது. ஆத்தங்குடிக் கல்லும் இத்தாலிப் பளிங்கும் கிடையாது. வானம் பார்த்த பூமி, ஒரு வெள்ளாமை, அதில் மிஞ்சியதை வைத்துக் கட்டியது. ஆனால் அந்த வீடுகளில் வேறொரு வசதி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற தானியக் குலுக்கைகள், மச்சில் மிளகாய் வத்தல், பட்டாசலை அடைத்துப் பருத்தி அம்பாரம். மாசி பங்குனியில் அந்தப் பருத்திக் குவியலில் பிள்ளைகள் குதித்து விளையாடுவோம், பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். மகசூல் எங்கே படுக்கிறதோ அதை ஒட்டி மனுஷர் படுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வளவு வீட்டைக் கல்யாணத்துக்காகக் கட்டினார்கள் என்றால் காரை வீட்டைக் கதிருக்காகக் கட்டினார்கள்.

பருத்தி குறைந்த பிறகு இந்த வீடுகளைக் காப்பாற்றியது தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காரை வீட்டில் பெட்டி ஒட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். மருந்து நெடியும் பெண்கள் பேச்சுமாக வீடு கலகலவென்று இருக்கும். சுவரில் வெள்ளையடிப்பு இல்லாவிட்டாலும் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். தீக்குச்சி நனைந்தால் நஷ்டம் ஆயிற்றே. பிறகு மெஷின் வந்தது, வேலை பெரிய கொட்டகைகளுக்குப் போனது, வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. வேலை இருந்தவரை நின்றன.

நம் பக்கத்தில் பழைய வீடுகளைக் காப்பாற்ற நமக்குத் தெரிந்த ஒரே வழி நினைவில்லம். அதற்கும் அங்கே ஒரு மகான் பிறந்திருக்க வேண்டும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு எழுபதுகளிலிருந்து அரசு நினைவில்லமாக இருக்கிறது. டிசம்பர் 11 அன்று மாலைகளும் பள்ளிப் பிள்ளைகளும் வரும். அந்த வீட்டின் மாடிக் கூரையில் ஒரு பகுதி 2025 மார்ச்சில் இடிந்து விழுந்தது. பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, கூச்சமாக இருந்தது. காலையில் திறந்து மாலையில் பூட்டுகிற வீட்டில், ராத்திரி மழைக்கு எங்கே ஒழுகுகிறது என்று யாருக்குத் தெரியும்? கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் கட்டி 2022 டிசம்பரில் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது புதுக் கட்டடம். அவரும் கு.அழகிரிசாமியும் எழுதிய வாழ்க்கை நடந்தது இடைசெவல் மாதிரி ஊர்களின் திருணையிலும் தொழுவிலும். அதைப் படித்துவிட்டுத் தேடி வருகிறவர்கள் உண்டு. என்னிடமே வழி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இடைசெவலில் ராத்தங்க இடமில்லை. கோவில்பட்டி லாட்ஜில் அறையெடுத்து, பஸ் ஸ்டாண்ட் ஹாரன் சத்தத்தில் தூங்கிவிட்டுப் போகிறார்கள்.

எழுத்தாளர் வீட்டில் விருந்தாளி தங்குவது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ருட்யார்ட் கிப்ளிங் கட்டிய வீடு நௌலாகா. 'ஜங்கிள் புக்' எழுதியது அங்கேதான். அதை ஒரு அறக்கட்டளை வாங்கிச் செப்பனிட்டுத் தொண்ணூறுகளிலிருந்து வாடகைக்கு விடுகிறது. அவர் குளித்த தொட்டியிலேயே நீங்களும் குளிக்கலாம். இந்த யோசனையின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு 1965 முதல் இடியப்போகிற பழைய கட்டடங்களை எடுத்துப் பழுதுபார்த்து விடுமுறைக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. வாடகையிலிருந்து பராமரிப்பு. இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கவிஞர்கள் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கும் ராபர்ட் பிரவுனிங்கும் 1847 முதல் 1861 வரை வாழ்ந்த காசா குய்தி இன்னும் சமர்த்து. சீசனில் குறிப்பிட்ட நாட்களில் மாலை நேரம் பொதுமக்கள் பார்க்கலாம், மற்ற நேரத்தில் வாடகைக்கு எடுத்தவர்கள் இருக்கலாம். பாரதி வீட்டில் யாரையும் தங்க வைக்கச் சொல்லவில்லை, அடிக்க வந்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடக்கிற, எந்த மகானும் பிறக்காத காரை வீட்டைச் சொல்கிறேன்.

ஆள் வருமா என்பார்கள். செட்டிநாடு அளவுக்கு வராது, நிச்சயமாக. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே ஏறிவிட்டன. நமக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆனால் கழுகுமலை வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்க்க வருகிறவர்கள் மதுரையிலோ திருநெல்வேலியிலோ தங்கிவிட்டு, உச்சி வெயிலில் மலையேறி, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிப் போகிறார்கள். அந்தப் பாறையைச் சூரியன் சாயும்போது பார்க்க வேண்டும். அதற்கு அங்கே பக்கத்தில் தங்க வேண்டும். எட்டயபுரம், இடைசெவல், கழுகுமலை, பாஞ்சாலங்குறிச்சி, நடுவில் கடலைமிட்டாய் என்று இரண்டு நாளுக்குக் குறையாமல் விஷயம் இருக்கிறது. மார்கழி, தை, மாசி மூன்று மாதம் நடந்தால் போதும். மே மாதத்தில் வரச் சொன்னால் நம் வெயில் பார்த்துக்கொள்ளும், யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். திரும்பி வருகிற வழியில், அருப்புக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியபோது. அம்மா யோசித்துவிட்டு, "உங்க தாத்தா வீட்டுச் சாவி உன் பெரியப்பா மகன்கிட்ட இருக்கு. கேட்டா கொடுப்பானா?" என்றார்.

"கேட்டாத்தானம்மா தெரியும்."

"கேக்கறதுக்கு முன்னாடி கக்கூஸ் எங்க கட்டுறதுன்னு முடிவு பண்ணு. அந்த வீட்டுல அதுக்கு இடமே கெடையாது. தொழுவுக்குப் பின்னாடி கட்டுனா ராத்திரி யாரு வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நடப்பா?"

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. தொழுவையே எடுத்து, தனிச் சுவர் எழுப்பி, பழைய சுவரில் கைவைக்காமல் அங்கே இரண்டு குளியலறை கட்டலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கரிசலில் கழிவுநீர்க் குழி எளிதில் தண்ணீரை உள்ளே இழுக்காது, மழைக்காலத்தில் மேலே ததும்பும், அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும். மட்டப்பா தட்டித் தருகிற ஆட்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இளையரசனேந்தல், கயத்தாறு பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காரை வீடு பூட்டிக் கிடந்தால், இந்த வருஷ மழைக்கு முன்னால் மட்டப்பாவில் முளைத்திருக்கிற அரசங்கன்றை மட்டும் வேரோடு பிடுங்கி எடுத்துவிடுங்கள். வேர் உள்ளே போய்விட்டால் பிறகு எந்தக் கொத்தனாராலும் ஒன்றும் செய்ய முடியாது.